தாள் விட்டுத் தாள் தாவும் இணைகள்

1962. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவரான பிரையன் ஜோசப்சனுக்கு வயது 22. அந்தக் கல்வியாண்டில் அங்கே வந்து பாடம் நடத்தியவர் அமெரிக்கரான பிலிப் ஆண்டர்சன். இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மின்கடத்தாப் படலம் ஒன்று இருந்தாலும் எலக்ட்ரான்கள் இணை இணையாக அதை ஊடுருவிப் போகும், மின்னழுத்தம்கூடத் தேவையில்லை என்று மாணவர் கணக்குப் போட்டுக் காட்டினார். துறையின் பெரியவரான ஜான் பார்டீன் ஏற்கவில்லை. ஆண்டர்சன் ஏற்றார். மறு ஆண்டே பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் ரோவலுடன் சேர்ந்து சோதனையிலும் காட்டிவிட்டார்.

அதே ஊடுருவலை நம்பி ஆண்டர்சன் பின்னாளில் கட்டிய கோட்பாட்டின் கதைதான் இந்த வாரம்.

1986-ல் பெட்னார்ஸும் முல்லரும் தொடங்கிவைத்த உயர்வெப்ப மீக்கடத்திகள், தாமிர ஆக்சைடுத் தாள்களை அடுக்கியது போன்ற படிகங்கள். பிஸ்மத் கலந்த படிகத்தில் 1.5 நானோமீட்டருக்கு ஒன்றாக இணைகள் ஊடுருவும் அத்தகைய அமைப்புகள், அதாவது ஜோசப்சன் சந்திகள், இயல்பாகவே அமைந்திருப்பதை 1992-ல் ஜெர்மனியில் ரெய்ன்ஹோல்ட் கிளைனர் குழு நிரூபித்தது. ஆக, தாள் விட்டுத் தாள் தாவுவது உண்மை. ஆண்டர்சன் அதற்கும் மேலே போனார். மீக்கடத்தலுக்குக் காரணமே அந்தத் தாவல்தான் என்றார். தனி எலக்ட்ரான் தாளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். இணை சேர்ந்தால் தாவலாம். அதில் மிச்சமாகும் ஆற்றல்தான் இணைகளைப் பிணைக்கிறது. எனக்கு இதில் பிடித்தது, பொய்யென்று நிரூபிக்க அது இடம் கொடுத்ததுதான். தாவல் அவ்வளவு வலுவானதென்றால், தாள்களுக்கிடையே சிக்கும் காந்தச் சுழலின் நீளம் தாலியம் கலந்த தாமிர ஆக்சைடுப் படிகத்தில் சுமார் 1 மைக்ரானாக இருக்க வேண்டும்.

அளந்து பார்த்தவர்களில் முதன்மையானவர் கேத்ரின் மோலர். ஆண்டர்சன் இருந்த பிரின்ஸ்டனிலேயே பணியாற்றிய இளம் ஆய்வாளர். திரவ ஹீலியக் குளிரில், அந்தப் படிகத்தின் பக்கவாட்டு முகத்தின் மேல் ஸ்குவிட் என்ற நுண்காந்தமானியை அங்குலம் அங்குலமாக அல்ல, மைக்ரான் மைக்ரானாக நகர்த்தினார்கள். அந்த ஸ்குவிட்டே ஜோசப்சன் சந்திகளால் ஆனது! படத்தில் சுழல்கள் புள்ளிகளாக இல்லை. தாள்களின் போக்கிலேயே நீண்ட கீற்றுகளாகக் கிடந்தன. நீளம் சுமார் 20 மைக்ரான். தாவலின் ஆற்றல் இந்த நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். அப்படியானால் கோட்பாடு கேட்டதில் 400-ல் ஒரு பங்குதான் அங்கே இருந்தது.

1998-ல் முடிவு வெளியானது. வேறு வழியில் அளந்த வான் டெர் மாரல் குழுவினருக்கும் தாவல் போதவில்லை என்றே விடை வந்தது. ஆண்டர்சன் அந்தக் கோட்பாட்டைக் கைவிட்டார். 1987-ல் தாமே முன்வைத்திருந்த பழைய கருத்துக்குத் திரும்பி, 2004-ல், எண்பது வயதில், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து அதை மறுபடி எழுதினார்.