கொல்லம் மெயிலும் மெரினா மாநாடும்

இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு 1968 ஜனவரி 3 முதல் 10 வரை சென்னையில் நடந்தது. தமிழ்க் கணக்கில் மார்கழி 19 அன்று தொடங்கி, பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு முடிந்தது. சங்கரன்கோவில் வட்டாரத்துத் தமிழாசிரியர்களும் படிப்பார்வம் உள்ளவர்களும் இதற்குப் போய்வர 600 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் கடக்க வேண்டும். பயணத்துக்குப் பிந்திய கதை பலரும் அறிந்தது. பயணத்தின் கதைதான் அதிகம் எழுதப்படவில்லை. அது மாட்டுவண்டியில் தொடங்குகிறது.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இல் இருப்புப்பாதை வந்தபோது அது கோவில்பட்டி வழியாகச் சென்றது. சங்கரன்கோவில் மேற்கே ஒதுங்கிவிட்டது. சென்னைக்கோ, 1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட மதுரைக்கோ போகிறவர் முதலில் கழுகுமலை வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் வண்டி கட்டிக் கோவில்பட்டியை அடைய வேண்டும். கரிசல் மண்ணில் மழைக்காலத்து வண்டிப் பயணம் எப்படியிருக்கும் என்பது அந்தச் சீமையில் பிறந்தவருக்கு விளக்கத் தேவையில்லாத சங்கதி. சக்கரத்தில் அப்பும் களிமண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே போக வேண்டும்.

இந்த நிலையை மாற்றியது 1927இல் திறந்த விருதுநகர்–தென்காசி மீட்டர்கேஜ் பாதை. ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் என்று மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களை அது ஒரே கோட்டில் கோத்தது. சென்னை எழும்பூருக்கும் கொல்லத்துக்கும் இடையே செங்கோட்டைக் கணவாய் வழியாக ஓடிய கொல்லம் மெயில் இந்தப் பாதையில்தான் வந்தது. சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வெளியூர்க் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியதும், தறியில் நெய்த துணியோடு வியாபாரிகளை ஏற்றிப்போனதும் இந்தப் பாதைதான். இனி ஓர் இரவு கண்விழித்தால் சென்னை.

ரயில் வந்தாயிற்று, போவதற்கு ஒரு மாநாடு வர மேலும் 41 ஆண்டுகள் ஆயின. 1964 ஜனவரியில் புதுதில்லியில் கூடிய கீழ்த்திசை ஆய்வாளர் மாநாட்டின்போது, தனிநாயகம் அடிகளும் வ.அய். சுப்பிரமணியமும் முன்னின்று உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை அமைத்தனர். பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா அதன் முதல் தலைவர். மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. அதற்குக் கடல் கடக்க வேண்டும், பாஸ்போர்ட் வேண்டும், கையில் பணமும் வேண்டும். தாலுகா ஊர் ஆசிரியருக்கு அது பத்திரிகையில் படிக்கும் செய்தி மட்டுமே.

சென்னை மாநாடு அப்படியல்ல. 1967 மார்ச்சில் பதவியேற்ற முதலமைச்சர் அண்ணா, ஆய்வரங்கின் எல்லையைத் தாண்டி அதை ஊர்கூடித் தேர் இழுக்கும் விழாவாக்கினார். குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் தொடங்கிவைத்தார். உள்ளே அறிஞர்கள் கட்டுரை படிக்க, வெளியே அலங்கார ஊர்திகளின் ஊர்வலமும் கலைநிகழ்ச்சிகளும் பொதுமக்களை இழுத்தன. ஆய்வுக்கும் திருவிழாவுக்கும் என்ன உறவு என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தத் திருவிழா இல்லையென்றால் சங்கரன்கோவிலிலிருந்து எவரும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருக்க மாட்டார்கள்.

கிளம்புவதற்குத் திட்டம் வேண்டும். இடைப்பட்ட நிலையத்தில் ஏறுபவருக்கு மூன்றாம் வகுப்பில் ஒதுக்கீடு கொஞ்சம்தான். முன்பதிவு என்றால் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, தந்தி போய், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இடம் கிடைக்காதவர் முன்பதிவில்லாத பெட்டியில் துண்டு போட்டு இடம்பிடிக்க வேண்டும். அதைவிடச் சிக்கல் திரும்பி வருவது. மாநாடு 10ஆம் தேதி முடிகிறது, 14ஆம் தேதி பொங்கல். தென்மாவட்டத்துக்காரர் எல்லோரும் எழும்பூரில் நிற்கும் நாட்கள் அவை. விவரமானவர்கள் சென்னையில் இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றுவிடுவார்கள், மாநாடெல்லாம் அதற்கப்புறம்தான்.

சாப்பாடு வாழையிலையில் கட்டிய புளியோதரையோ, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ, தண்ணீருக்குக் கூஜா. விருதுநகர், மதுரை, திண்டுக்கல் தாண்டினால் மணப்பாறையில் முறுக்குக் கூடைகள் ஜன்னலுக்கு வரும். விழுப்புரத்தில் மின்சார எஞ்சின் மாட்டுவார்கள். அங்கிருந்து எழும்பூர்வரை ஜன்னலோரத்தில் கரித்தூள் பயம் இல்லை. தங்குவதற்குச் சொந்தக்காரர் வீடு இல்லாதவருக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருந்தன. ஊர்ப்பையன் ஒருவன் எப்படியும் அங்கே ஓர் அறையில் இருப்பான். அவன் அறையில் பாய் விரிக்க இடம் இருக்கும். அங்கிருந்து கடற்கரை நடைதூரம்.

அந்தக் கடற்கரையில்தான் மாநாட்டின் நிலையான அடையாளம் எழுந்தது. திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், ஜி.யு. போப், கால்டுவெல், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சிதம்பரனார் எனப் பத்துச் சிலைகள் மாநாட்டையொட்டி மெரினாவில் திறக்கப்பட்டன. இந்தப் பத்தைத் தெற்கத்திக் கண்ணால் பார்த்தால் ஒரு கணக்கு புலப்படும். பாரதி எட்டயபுரத்தில் பிறந்தவர், வ.உ.சி. ஒட்டப்பிடாரத்துக்காரர். கால்டுவெல் இடையன்குடியிலும், போப் சாயர்புரத்திலும் பணியாற்றியவர்கள். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரின் தொடக்ககாலப் பணிக்களங்களில் ஒன்று கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டி. அத்தனை ஊர்களும் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல்தான். பத்தில் ஐந்து பேர் ஏதோ ஒரு வகையில் நெல்லைச் சீமையோடு உறவுள்ளவர்கள். 600 கிலோமீட்டர் கடந்து பட்டணம் போன சங்கரன்கோவில்காரர், பக்கத்து ஊர்க்காரர்களைக் கல் பீடங்களின் மேல் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அந்த ஐவரில் கால்டுவெல்லின் பயணம் எதிர்த்திசையிலானது. 1838இல் கப்பலில் சென்னைக்கு வந்தவர், 1841இல் அங்கிருந்து நீலகிரியைச் சுற்றிக்கொண்டு நடந்தே நெல்லைச் சீமையை அடைந்தார். ரயில் இல்லை என்பதோடு, மக்களின் பேச்சையும் வாழ்க்கையையும் அருகிலிருந்து அறிய வேண்டும் என்ற எண்ணமும் அந்த நடைக்குக் காரணம். 1856இல் வெளியான அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இல்லாமல் இப்படியொரு மாநாடு இந்த வடிவத்தில் கூடியிருக்குமா என்பது ஐயமே. வ.உ.சி.யின் நிலைமை வேறு: 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவரின் சிலை, கடலுக்கு முதுகைக் காட்டிச் சாலையைப் பார்த்து நிற்கிறது.

ஆய்வரங்கில் படிக்கப்பட்ட கட்டுரைகள் ஆர்.இ. ஆஷரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு இரண்டு தொகுதிகளாக வந்தன. சென்னையில் 1970இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டதும் இந்த மாநாடுகளின் தொடர்ச்சியே.

அடுத்த மாநாடு 1970இல் பாரிஸில் நடந்ததால், சங்கரன்கோவிலுக்கு மறுபடியும் எட்டாமல் போனது. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணம். தூரத்தைப் பார்த்தால் சென்னையைவிடப் பக்கம். போக்குவரத்தைப் பார்த்தால் வெகுதூரம். தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் அழித்தபின் படகுத்துறை ராமேஸ்வரத்துக்கு மாறியிருந்தது. விருதுநகர், மானாமதுரை வழியாக ராமேஸ்வரம் போய், தலைமன்னாருக்குக் கப்பல் ஏறி, மீண்டும் ரயில் பிடிக்க வேண்டும். தமிழகத்திலிருந்து புறப்பட்ட சிலருக்கு விசாவும் கிடைக்கவில்லை. மாநாடு முடிந்து ஜனவரி 10 அன்று நடந்த பொதுக்கூட்டத்தில் போலீஸ் தலையீட்டால் உயிர்கள் பலியானபின், யாழ்ப்பாண மாநாடு மகிழ்ச்சியான நினைவாக எவருக்கும் மிஞ்சவில்லை. 1981 ஜனவரியில் ஐந்தாம் மாநாடு மதுரைக்கு வந்தபோதுதான் சங்கரன்கோவில்காரர் முன்பதிவுக் கவலையே இல்லாமல் பஸ் ஏறினார்.

விருதுநகர்–தென்காசி பாதை 2004இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. கொல்லம் மெயிலின் இடத்தைப் பொதிகை எக்ஸ்பிரஸ் எடுத்துக்கொண்டது. அந்தச் சமயம் மெரினாவில் பத்துச் சிலைகள் இல்லை. 2001 டிசம்பரில் அகற்றப்பட்ட கண்ணகி, 2006 ஜூனில்தான் திரும்பி வந்தாள். இடைப்பட்ட ஆண்டுகளில் பொதிகையில் வந்திறங்கிக் கடற்கரைக்குப் போனவர்கள் ஒன்பதைத்தான் எண்ணியிருப்பார்கள்.