காரைப் பல்

சில வருஷங்களுக்கு முன், ஓமலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். பந்திக்கு நேரமிருந்தது. திண்ணையில் பெண்கள் கூடி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு வரும்போதெல்லாம் இளவயசுப் பெண்கள் அத்தனை பேரும், யாரோ சொல்லிக் கொடுத்தாற்போல, முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். நாணம் என்று நினைத்து நான் ரசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் ரசனையைக் கலைத்துவிட்டார்.

"வெக்கமெல்லாம் இல்லீங்க. பல்லுங்க. இதனாலயே ரெண்டு மூணு சம்பந்தம் தட்டிப்போயிருக்குதுங்க."

அப்புறந்தான் கவனித்தேன். முன்பல்லில் சுண்ணாம்பு தீற்றினாற்போல் வெள்ளைத் திட்டு. சிலருக்கு அதன் மேல் காவி நிறத்தில் கோடு. காரைப் பல் என்று சொல்லிவிடுகிறோம். தாய்மார்கள் பிள்ளைகளை வைது, கரியும் சாம்பலும் செங்கல்பொடியும் கொடுத்துத் தேய்க்கச் சொல்கிறார்கள். ஈறு புண்ணாவதுதான் மிச்சம். அந்தக் கறை பல்லின் மேல் படிந்ததல்ல, பல்லோடு பிறந்தது.

பல் முளைக்கும் நாளை அதன் பிறந்த நாளாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது கிரகப்பிரவேசம். வீடு கட்டியது வெகு காலத்துக்கு முன். தாடைக்குள் ஒரு மொட்டு தோன்றுகிறது. மொட்டு வளர்ந்து தொப்பிபோல் கவிழ்கிறது. தொப்பிக்குள் அடங்கிய மெல்லிய சதைக் குருத்துக்குப் பல் பாப்பில்லா என்று வைத்தியர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். குருத்தின் விளிம்பிலுள்ள உயிரணுக்கள் டென்டின் என்ற உள்சுவரை எழுப்புகின்றன. அதில் ஒரு மெல்லிய படலம் விழுந்த பிறகே, எதிரே தொப்பியின் உள்பக்கத்து அணுக்கள் எனாமல் என்ற பளபளப்பான வெளிப்பூச்சைத் தொடங்கும். வேலை முடிந்ததும் கதி இருவருக்கும் ஒன்றல்ல. பாப்பில்லா பல்லுக்குள்ளேயே கூழாகத் தங்கி ஆயுள் முழுதும் வாழ்கிறது. பல்வலியில் நம்மை ராத்திரி முழுதும் உட்கார்த்தி வைப்பது அந்தப் பழைய குருத்துதான். எனாமல் பூசிய அணுக்களோ பல் வெளியே வரும்போது அழிந்துபோகின்றன. பூச்சில் குறையிருந்தால் திருத்த ஆள் கிடையாது.

மேல்வரிசை முன்பல்லின் பூச்சு, குழந்தை பிறந்த மூன்று நான்கு மாதத்தில் தொடங்கி நாலைந்து வயசில் முடிகிறது. பல் வெளியே தெரிவதோ ஏழு வயசில். இடைப்பட்ட அந்த வருஷங்களில் குழந்தை குடித்த தண்ணீரில் புளோரைடு மிகுந்திருந்தால், பூச்சு சரியாக இறுகாமல் போகிறது. பால் பற்கள் பெரும்பாலும் கர்ப்பத்திலும் முதல் வருஷத்திலும் உருவாகிவிடுவதால் அவற்றுக்குச் சேதம் குறைவு. விழுந்த பால் பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்துவிட்டு, புதுப்பல்லை ஆவலோடு பார்க்கிற குழந்தைக்கு அதனால்தான் அத்தனை ஏமாற்றம்.

இதைக் கண்டுபிடித்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1901-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் தொழில் தொடங்கிய பிரெடெரிக் மெக்கே என்ற பல் டாக்டர், அங்கேயே வளர்ந்தவர்களுக்குப் பழுப்புக் கறை இருப்பதையும், பெரியவர்களான பின் குடியேறியவர்களுக்கு அது வராததையும் கண்டார். தண்ணீர்மேல் சந்தேகம் விழுந்தது. ஆனால் தண்ணீரில் என்ன? அர்க்கன்ஸாஸ் மாகாணத்தில் பாக்ஸைட் என்று ஒரு சுரங்க ஊர். 1909-ல் மேலாழக் கிணறுகளை விட்டு ஆழ்கிணறு தோண்டினார்கள். அதற்குப் பின் வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் கறை. அலுமினியக் கம்பெனியின் ரசாயனி சர்ச்சில் 1931-ல் அந்தத் தண்ணீரைச் சோதித்தார். லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் புளோரைடு! இன்று உலக சுகாதார நிறுவனம் அனுமதிப்பது 1.5.

நம் பக்கத்தில் யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. 1937-லேயே கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் நெல்லூர் ஜில்லாவில் பல்லோடு எலும்பையும் முதுகையும் இது முடக்குவதை எழுதிவிட்டார்கள். (மலேரியாக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருப்பதைப் பின்னால் 1948-ல் கார்ன்ஹாமோடு சேர்ந்து காட்டினாரே, அதே ஷார்ட்தான்.) பழைய சேலம் ஜில்லாவிலும் அதே வியாதி இருந்தது, தர்மபுரிப் பக்கம் அதிகம்.

நாமக்கல் கோட்டையைத் தாங்கி நிற்கும் ஒற்றைக் கல்லைப் பார்த்தவர்களுக்கு, இந்தச் சமவெளிக்கு அடியில் இருப்பது என்ன என்று சொல்லவேண்டியதில்லை. பாறையிலுள்ள சில கனிமங்களில் புளோரின் உண்டு. பாறை இடுக்கில் தண்ணீர் எத்தனை காலம் கிடக்கிறதோ அத்தனைக்கு அது கரையும். கமலை இறைத்த கிணற்றில் மழைத்தண்ணீரும் கலந்திருந்தது. கிணறு வற்றியதும் போர் போட்டார்கள். திருச்செங்கோட்டு ரிக் லாரி போகாத மாநிலம் இந்தியாவில் அபூர்வம்; உள்ளூரை விடுமா? நூறு அடியில் கிடைத்தது ஐந்நூறாயிற்று, ஆயிரமாயிற்று. தாகம் தீர்த்த மகராசன் என்று ரிக்காரனை வாழ்த்தத்தான் வேண்டும். பாக்ஸைட் ஊர்க் கதையும் கூடவே என் ஞாபகத்துக்கு வருகிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது. ஜப்பானியக் கடனில் நிறைவேறிய அந்தத் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் என்ற வார்த்தையும் உண்டு. ஒரு வியாதியின் பெயரைக் குடிநீர்த் திட்டத்துக்குச் சூட்டிய இடம் வேறு எதுவும் எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை.

கல்யாண வீட்டுப் பெரியவர் தம் பேத்தியை மடியில் இழுத்து உட்காரவைத்தார். ஆறு வயசு. பால் பல் ஒன்று விழுந்து வாயில் ஜன்னல் திறந்திருந்தது. முந்தானை இல்லாத சிரிப்பு.

"இதுக்காச்சும் வெள்ளையா மொளைக்குங்களா?" என்று கேட்டார்.

என்ன தண்ணீர் கொடுத்தீர்கள் என்றேன்.

"ரெண்டு வயசு வரைக்கும் போர்த்தண்ணிங்க. அதுக்கப்புறம் காவேரிக் குழாய் வந்திருச்சுங்க."

எனாமல் நுனியில் தொடங்கி ஈறை நோக்கி இறங்கும். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நுனியில் கொஞ்சம் திட்டு இருக்கலாம். ஈறை ஒட்டிய பாதி காவேரி.