ஜெரால்ட் வைலி எங்கே?

பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் ரோனி பார்க்கர் வாங்கிய விருதுகளைத் தொகுப்பது சுலபம். சிறந்த கேளிக்கைக் கலைஞருக்கான பாஃப்டா விருது நான்கு முறை. 1978இல் ஓ.பி.இ. பட்டம். 2004இல் பாஃப்டா அவருக்கென்றே நடத்திய பாராட்டு விழா. பட்டியலை எழுதி முடித்த பிறகுதான் ஒன்று உறுத்தியது. அந்த நான்கு பாஃப்டாவும் நடிப்புக்குக் கிடைத்தவை. 1971 முதல் 1987 வரை பிபிசியில் வந்த ‘தி டூ ரோனீஸ்’ நிகழ்ச்சியின் குறுநாடகங்களில் பெரும்பகுதியை எழுதியவரும் அவர்தான். அந்த எழுத்தாளரின் பெயரை நான் எங்கே தேடுவது?

நிகழ்ச்சியின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல்தான் எனக்குக் கிடைத்த முதல் தடயம். எழுத்தாளர்கள் வரிசையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பெயர்: ஜெரால்ட் வைலி. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் 1968க்கு, லண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சியில் டேவிட் ஃப்ராஸ்ட் நடத்திய ‘ஃப்ராஸ்ட் ஆன் சண்டே’ நிகழ்ச்சிக்கு வந்து சேர்கிறோம். பார்க்கரும், பின்னாளில் ‘தி டூ ரோனீஸ்’இன் இன்னொரு ரோனியான ரோனி கார்பெட்டும் அதில் நடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே தபாலில் குறுநாடகங்கள் வந்தன. எழுதியவர் யாரையும் சந்திக்காத கூச்ச சுபாவி என்றும், பீட்டர் ஈட் என்ற முகவர் வழியாகத்தான் அவரை அணுக முடியும் என்றும் சொல்லப்பட்டது. பார்க்கரின் முகவரும் அதே பீட்டர் ஈட்தான். இவ்வளவு வெளிப்படையான தடயத்தை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

வைலியின் எழுத்து பிடித்துப்போனதும் ஊகங்கள் கிளம்பின. நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டாக இருக்கலாம் என்றார்கள். நகைச்சுவை எழுத்தாளர் ஃப்ராங்க் மியூராக இருக்கலாம் என்றார்கள். ஒத்திகையில் ஒரு வரி எடுபடவில்லை என்றால் வைலியைக் குறை சொல்வதில் பார்க்கரே முந்திக்கொண்டார். வைலியின் ‘டாக்டர்ஸ் வெயிட்டிங் ரூம்’ நாடகத்தின் உரிமையைக் கார்பெட் வாங்க விரும்பினார். 3,000 பவுண்டு என்று பதில் வந்தது. அநியாய விலை என்று பார்க்கரும் அவரோடு சேர்ந்து பொருமினார். பிறகு அந்த உரிமை இலவசமாகவே கார்பெட்டுக்கு வந்தது. இரண்டாம் தொடர் முடிந்ததும், வைலி நேரில் வருகிறார் என்று குழுவினர் எல்லோரையும் ஒரு சீன உணவகத்துக்கு அழைத்தார்கள். பார்க்கர் எழுந்து நின்று, தான்தான் வைலி என்றார். முதலில் பலர் நம்பவில்லை.

இத்தகைய கதைகள் சொல்லச் சொல்ல வளரும் என்பதால் இன்னொரு சாட்சி தேவைப்பட்டது. ஏமாற்றப்பட்டவரே அந்தச் சாட்சி: கார்பெட் தங்கள் நட்பைப் பற்றி 2006இல் வெளியிட்ட நினைவு நூலில் வைலியின் கதையும் இருக்கிறது.

அதன் பிறகு வேறு முகமூடிகளும் அகப்பட்டன. 1969–70இல் ‘ஹார்க் அட் பார்க்கர்’ தொடரில் வந்த லார்டு ரஸ்ட்லெஸ் என்ற பாத்திரம், 1972இல் பிபிசியின் ‘ஹிஸ் லார்ட்ஷிப் என்டர்டெய்ன்ஸ்’ தொடரில் மறுபடி தலைகாட்டுகிறது. அங்கே எழுத்தாளர் பெயர் ஜொனதன் கோபால்ட், அவரும் பார்க்கர்தான். 1976இல் லண்டன் மாநகரையே கலக்கும் ஒரு விசித்திரக் குற்றவாளியைப் பற்றிய தொடர்கதைக்கு ‘ஸ்பைக் மில்லிகனும் ஒரு கனவானும்’ என்று போட்டார்கள். அந்தக் கனவான் யார் என்பதை இனிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே 1976 செப்டம்பரில் ஒளிபரப்பானது, இன்றும் பிரிட்டனில் பலருக்கும் தெரிந்த ‘ஃபோர் கேண்டில்ஸ்’ என்ற ‘தி டூ ரோனீஸ்’ குறுநாடகம். இரும்புச் சாமான் கடையில் பார்க்கர் கேட்பது ‘ஃபோர்க் ஹேண்டில்ஸ்’, அதாவது தோட்ட ஃபோர்க்குக்கான கைப்பிடிகள். அது ‘ஃபோர் கேண்டில்ஸ்’ என்று காதில் விழ, கடைக்காரர் கார்பெட் எடுத்து வைப்பது நான்கு மெழுகுவத்திகள். எழுதியவர் பெயர் ஜெரால்ட் வைலி. பார்க்கர் கையாலேயே எழுதிய பிரதி 2007இல் 48,500 பவுண்டுக்கு ஏலம் போனது. அந்த நாடகத்துக்கு ‘ஆனி ஃபிங்க்ஹவுஸ்’ என்றும் ஒரு தலைப்பு உண்டு. பிரபலமான தலைப்பை மட்டும் வைத்து ஆவணங்களைத் துழாவினால் அந்தத் தலைப்பில் உள்ளது கைக்கு அகப்படாமல் போகலாம்.

பார்க்கர் 2005 அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு மார்ச்சில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த நினைவு வழிபாட்டில், சிலுவையோடு வழக்கமாக ஏந்திவரும் இரண்டு மெழுகுவத்திகளுக்குப் பதிலாக நான்கை ஏந்திவந்தார்கள். என் பட்டியலில் எழுத்தாளருக்கு நேரே வெற்றாகக் கிடந்த இடத்தில் நான் எழுதியது இதைத்தான். பாஃப்டாவைவிட இது பெரிது என்பது என் துணிபு. ஒரு நாட்டின் தலையாய தேவாலயம் தன் சடங்கையே அவர் எழுதிய ஒரு வேடிக்கைக்காக மாற்றிக்கொண்டது.

புனைபெயருக்குப் பார்க்கர் சொன்ன காரணம் எளிமையானது: தன் எழுத்தை அதன் தரத்துக்காக மட்டும் எடைபோட வேண்டும், நட்சத்திரத்தின் முகத்துக்காக யாரும் தலையாட்டக் கூடாது. ஆனால் அந்த உணவகத்தில் உண்மை உடைந்த பிறகு இதற்கு அவசியம் இருக்கவில்லை. ஆயினும் அவர் விடவில்லை. ஓய்வை அறிவித்த பின் 1988இல் வெளிவந்த ‘கிளாரன்ஸ்’ தொடரிலும் எழுத்து பாப் ஃபெரிஸ் என்றே போட்டுக்கொண்டார். பயத்தால் அல்ல, எழுதுகிறவனை நடிகனிடமிருந்து தள்ளி வைத்தால்தான் எழுத வரும் என்பதால் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன். 1999இல்தான் வைலியும் மற்றவர்களும் எழுதியவை ‘ஆல் ஐ எவர் ரோட்’ என்ற ஒரே தொகுப்புக்குள் வந்தன. அட்டையில் ஆசிரியர் பெயர் ரோனி பார்க்கர்.