மருந்தைச் சுமக்கும் நுண்துளைத் துகள்கள்: தெரிந்துகொள்ள வேண்டியவை

கீமோ சிகிச்சை பெறுபவருக்கு முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் ஏன்? மருந்து இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்கிறது. வேகமாகப் பெருகும் செல்கள் எங்கிருந்தாலும் தாக்குகிறது. முடியின் வேர், வாயின் உட்தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் பாதிக்கப்படுகின்றன. மருந்தைப் புற்றுக்கட்டியிடம் மட்டும் கொண்டு சேர்க்க வழி தேடும் ஆய்வுகளில் ஒன்றுதான் நுண்துளை நானோ துகள்.

எதனால் ஆனது?

பெரும்பாலும் சிலிக்கா. மணலிலும் நெல் உமிச் சாம்பலிலும் இருக்கும் அதே பொருள். 1992இல் அமெரிக்காவின் மோபில் எண்ணெய் நிறுவன ஆய்வாளர்கள், தேன்கூடு போல் வரிசையாகத் துளைகள் கொண்ட சிலிக்காவை அறிவித்தனர். 2001இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் அதில் ஐபுபுரோஃபென் என்னும் வலிநிவாரணியை ஏற்றிக் காட்டினர்.

ஒரு துகளின் அகலம் சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு கிராம் துகளில் உள்ள துளைச் சுவர்களை விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். அது 12 பூப்பந்துத் திடல்களின் பரப்பு. மருந்து தங்க அவ்வளவு இடம்!

எப்படி வேலை செய்கிறது?

துகளை மருந்துக் கரைசலில் ஊறவைத்து, துளை வாய்களை மூடிவிடுவார்கள். கட்டியைச் சுற்றி அமிலத்தன்மை சற்று அதிகம். அமிலம் பட்டதும் திறக்கும்படி மூடியை அமைக்கலாம். சில புற்றுச் செல்கள் ஃபோலிக் அமிலத்தை அதிகம் ஈர்ப்பதால், அதைத் துகளின் மேல் ஒட்டுவதும் உண்டு. பின்னர் சிலிக்கா மெல்லக் கரைந்து சிறுநீரில் வெளியேறும்.

சிக்கல் எங்கே?

கல்லீரலும் மண்ணீரலும் துகள்களை வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. பத்தாண்டு ஆய்வுகளைக் கனடா ஆய்வாளர்கள் 2016இல் தொகுத்துப் பார்த்தனர். விலங்குகளுக்குச் செலுத்திய பலவகை நானோ துகள்களில் கட்டியை அடைந்தது, நடுமதிப்பாக, 0.7 விழுக்காடுதான்.

நோயாளிகள் கவனிக்க

நானோ மருந்து என்பதே பொய்யல்ல. கொழுப்புக் குமிழில் அடைத்த டாக்ஸோரூபிசின் மருந்துக்கு அமெரிக்கா 1995லேயே அனுமதி அளித்தது. ஆனால் நுண்துளை சிலிக்கா கொண்ட புற்றுநோய் ஊசி இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை.

எனவே "நானோ" என்று எழுதிய போத்தலை நம்பி, நடந்துவரும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். மலேசியாவில் பதிவுபெற்ற மருந்தில் எம்ஏஎல் எனத் தொடங்கும் எண் இருக்கும். துணை உணவுகளுக்கும் அந்த எண் உண்டு. எண் இருப்பதாலேயே அது புற்றுநோயைத் தீர்க்கும் என்று பொருளில்லை. வாங்குமுன் போத்தலை உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.