பிலிம் ரோலில் வளர்ந்த கடத்தி

மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் என்றாலே 2000-ம் ஆண்டு நோபல் பரிசும், ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா என்ற மூன்று பெயர்களும்தான் நினைவுக்கு வரும். ஆனா அவங்க ஆராய்ந்த பாலிஅசிட்டிலீன் காற்று பட்டாலே கெட்டுப்போகும் சரக்கு. ஆய்வகத்தைத் தாண்டி நிலைத்தது வேறொரு பாலிமர். அதுக்கு முதலில் வேலை கொடுத்தது கேமரா பிலிம்.

பிலிம் ரோலை வேகமாகப் பிரிக்கும்போது நிலைமின்சாரம் சேரும். ஒரு சின்னப் பொறி கிளம்பினால் போதும், அந்த வெளிச்சமே படத்தில் கிளை கிளையாக மின்னல் மாதிரி பதிந்துவிடும். இதைத் தடுக்க உப்புகளைப் பூசி வந்தார்கள். ஆனா உப்பு மின்சாரம் கடத்த ஈரப்பதம் வேண்டும். வறண்ட காற்றில் கைவிட்டுவிடும். போதாக்குறைக்கு, பிலிமைக் கழுவும் திரவத்தில் கரைந்தும் போகும்.

1980-களின் இறுதியில் ஜெர்மனியின் பேயர் நிறுவன ஆய்வகத்தில் பெடாட் என்ற பாலிமரை உருவாக்கினார்கள். காற்றில் நிலைத்து நிற்கும், மெல்லிசாகப் பூசினால் ஒளியும் ஊடுருவும். ஒரே சிக்கல், எதிலும் கரையாது. கரையாத பொருளை எப்படிப் பூசுவது? பி.எஸ்.எஸ். என்ற இன்னொரு பாலிமரோடு சேர்த்தே தயாரித்தார்கள். பி.எஸ்.எஸ்.-க்குத் தண்ணீர் என்றால் உயிர். அது பெடாட்டையும் இழுத்துக்கொண்டு தண்ணீரில் மிதக்கும். கிடைத்தது கருநீல மை போன்ற ஒரு திரவம். பேயரின் துணை நிறுவனமாக இருந்த அக்ஃபா அதையே தன் பிலிம்களில் பூசியது.

இந்தச் சமரசத்துக்கு ஒரு விலை இருந்தது. பி.எஸ்.எஸ். மின்சாரம் கடத்தாது. காய்ந்த படலத்தை அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்தால் பல பத்து நானோமீட்டர் அளவுள்ள மணிகள் தெரியும். உள்ளே பெடாட், சுற்றிலும் பி.எஸ்.எஸ். தோல். படலத்தின் மேற்பரப்பிலும் பி.எஸ்.எஸ்.தான் அதிகம். மின்னூட்டம் ஒவ்வொரு தோலையும் தாண்டித்தான் அடுத்த மணிக்குப் போகணும். நிலைமின்சாரம் மெல்லக் கசிந்தால் போதும் என்பதால் பிலிமுக்கு இது பிரச்சினையே இல்லை. வளையும் திரைக்கும் சூரியத் தகடுக்கும் மின்முனையாக வைக்க இது பத்தாது.

2002-ல் கொரிய ஆய்வாளர்கள் இந்த மையில் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானைச் சேர்த்துப் பார்த்தார்கள். கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.8 சீமன்ஸிலிருந்து 80 ஆனது. அதாவது நூறு மடங்கு! பாலிமர் என்னவோ அதேதான். பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் அடுக்கு மாற்றத்தையே காரணமாகக் காட்டின: உபரி பி.எஸ்.எஸ். விலக, பெடாட் பகுதிகள் ஒன்றையொன்று தொட்டுத் தொடர் பாதை அமைத்துக்கொள்கின்றன.

அதனால "இந்த பாலிமரின் கடத்துதிறன் இவ்வளவு" என்று ஒரு எண்ணை எங்காவது படித்தால், எதில் கலந்து, எப்படிக் காயவைத்தார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். பாலியஸ்டர் தாளில் பூசி வளைத்தாலும் இந்தப் படலம் தாக்குப்பிடிக்கும். கண்ணாடித் திரைகளில் பயன்படும் இண்டியம் டின் ஆக்சைடு அந்த வளைவில் விரிசல் விடும். ஆனா பூசுவதற்கு உதவிய அதே பி.எஸ்.எஸ். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும். வறண்ட காற்றில் உப்பு கைவிட்டதால் தேடிப்போன பொருளுக்கு, இப்போது ஈரக் காற்றுதான் தலைவலி.