சமூக மருந்தகம் (இங்கிலாந்து)

சமூக மருந்தகம் என்பது மருத்துவமனைக்கு வெளியே, கடைத்தெருக்களிலும் குடியிருப்புப் பகுதிகளிலும் அமைந்து பொதுமக்களுக்கு மருந்து வழங்கும் மருந்தகம் ஆகும். அங்கு பணிபுரியும் பதிவு பெற்ற மருந்து வல்லுநர் சமூக மருந்தாளர் எனப்படுகிறார். இங்கிலாந்தின் சமூக மருந்தகங்களில் பெரும்பாலானவை தனியாருக்குச் சொந்தமானவை. எனினும் அவை தேசிய நலவாழ்வுச் சேவையின் ஒப்பந்த விதிகளின்படி, அதன் நிதியைக் கொண்டே பெரிதும் இயங்குகின்றன. 2005 ஆம் ஆண்டுக்குப் பின் தடுப்பூசி இடுதல், இரத்த அழுத்தம் அளத்தல், கருத்தடை மாத்திரை வழங்குதல், சில தொற்றுநோய்களுக்கு மருந்து தருதல் போன்ற பணிகள் படிப்படியாக இவற்றிடம் ஒப்படைக்கப்பட்டன. இதே காலப்பகுதியின் பிற்பாதியில் மருந்தகங்களின் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. எனவே இவ்விரிவாக்கம் நிலைக்குமா என்பது பொது நலவாழ்வுத் துறையில் முக்கியமான கேள்வியாக உள்ளது.

பின்னணி

1971 ஆம் ஆண்டில் வேல்சு நாட்டுப் பொது மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், "தலைகீழ் பராமரிப்பு விதி" என்னும் கருத்தை லான்செட் மருத்துவ இதழில் முன்வைத்தார். நல்ல மருத்துவ வசதி எங்கு மிகுதியாகத் தேவையோ அங்குதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம் ஆகும்.

சமூக மருந்தகங்கள் இவ்விதிக்கு ஒரு விதிவிலக்கு என்பதை டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதன்படி இங்கிலாந்து மக்களில் ஏறத்தாழ 89% பேர் ஒரு மருந்தகத்துக்கு 20 நிமிடத்தில் நடந்து செல்லக்கூடிய தொலைவில் வசித்தனர். மிகவும் வறிய பகுதிகளில் இவ்விகிதம் ஏறத்தாழ 100% ஆக இருந்தது. ஆயினும் நகரங்களில் 98% ஆக இருந்த இவ்விகிதம், நாட்டுப்புறங்களில் 19% மட்டுமே.

முன்பதிவு இன்றி நுழையலாம் என்பதும், மாலையிலும் சனிக்கிழமையிலும் பல மருந்தகங்கள் திறந்திருக்கும் என்பதும் கூடுதல் வசதிகள். நோய் இல்லாதவர்களும் பற்பசை, சோப்பு வாங்க இங்கு வருகின்றனர். மருத்துவரிடம் செல்லாதவரையும் இங்கு சந்திக்க முடியும் என்பதே மருந்தாளரின் பொது நலவாழ்வுப் பணிக்கு அடிப்படைக் காரணம் ஆகும்.

வரலாறு

1980களின் பிற்பகுதியில் எச்.ஐ.வி. பரவலைத் தடுக்க, போதைப்பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொள்வோருக்குத் தூய ஊசிகள் வழங்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. நாளடைவில் பல மருந்தகங்கள் இதில் பங்கேற்றன. போதை மீட்புச் சிகிச்சை பெறுவோர் மெதடோன் மருந்தை மருந்தாளரின் முன்னிலையில் அருந்தும் முறையும் பரவியது. 2001 ஆம் ஆண்டு ஜனவரி முதல் அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டு இன்றி மருந்தாளரே விற்க அனுமதி கிடைத்தது.

2005 ஏப்ரலில் புதிய ஒப்பந்த அமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதுவரை மருந்தக வருமானம் பெரும்பாலும் வழங்கிய மருந்துகளின் எண்ணிக்கையைச் சார்ந்திருந்தது. புதிய அமைப்பு நலவாழ்வுப் பரப்புரையை எல்லா மருந்தகங்களுக்கும் கட்டாயப் பணி ஆக்கியது. தகுதி பெற்ற மருந்தகங்கள் விரும்பினால் மேற்கொள்ளத்தக்க கூடுதல் சேவைகளுக்கும் இடமளித்தது.

சட்ட அடிப்படை

மருந்தாளர் தாமே மருந்து தருவதற்கு இரண்டு முதன்மை வழிகள் உள்ளன.

முதலாவது, "நோயாளர் குழு ஆணை" எனப்படும் எழுத்து வடிவ ஆணை. குறிப்பிட்ட நிலையில் உள்ள நோயாளருக்குக் குறிப்பிட்ட மருந்தை, மருத்துவர் சீட்டு இன்றி வழங்க இது இடமளிக்கிறது. வயது வரம்பு, அளவு, தவிர்க்க வேண்டிய நிலைகள் ஆகியன அதில் வரையறுக்கப்படும்.

இரண்டாவது, தனித்து மருந்து எழுதும் உரிமை. 2006 முதல், கூடுதல் பயிற்சி பெற்ற மருந்தாளர்கள் இவ்வுரிமையைப் பெற முடிகிறது. மருந்தாளர்களைப் பதிவு செய்யும் பொது மருந்தியல் பேரவை 2021 இல் புதிய கல்வித் தரங்களை வகுத்தது. அவற்றின்படி 2026 முதல் பயிற்சி முடித்துப் பதிவு பெறுவோர், பதிவின்போதே இவ்வுரிமையையும் பெறுமாறு திட்டமிடப்பட்டது.

முக்கிய சேவைகள்

புதிய மருந்துச் சேவை: 2011 அக்டோபரில் தொடங்கியது. ஆஸ்துமா, இரண்டாம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற நெடுநாள் நோய்களுக்கு முதன்முறையாக ஒரு மருந்தைப் பெறுவோரிடம் மருந்தாளர் சில வாரங்களில் இருமுறை பேசி, ஐயங்களையும் பக்கவிளைவுகளையும் கேட்டறிவார். நாட்டிங்காம் பல்கலைக்கழகம் தலைமையேற்ற ஆய்வில், பத்தாவது வாரத்தில் மருந்தை முறையாக உட்கொண்டோர் வழக்கமான முறையில் 61% ஆகவும், இச்சேவை பெற்றவர்களில் 71% ஆகவும் இருந்தனர்.

தடுப்பூசி: 2015 இல் இன்ஃப்ளுவென்சா தடுப்பூசி நாடு தழுவிய மருந்தகச் சேவையானது. 2021 ஜனவரி முதல் மருந்தகங்களில் கோவிட்-19 தடுப்பூசியும் இடப்பட்டது.

இரத்த அழுத்தம் கண்டறிதல்: 2021 அக்டோபரில் தொடங்கியது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. கண்டறியப்படாமல் நீடித்தால் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் வழிவகுக்கும். எனவே ஏற்கெனவே இந்நோய் உறுதி செய்யப்படாத 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு மருந்தகத்தில் இலவசமாக அழுத்தம் அளக்கப்படுகிறது. அளவு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், 24 மணி நேரம் அணிந்திருக்கும் அளவி கொண்டு உறுதி செய்யப்படும். 180/120 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்பப்படுவர்.

கருத்தடை: 2023 ஏப்ரலில், ஏற்கெனவே உட்கொண்டு வரும் மாத்திரையைத் தொடர்ந்து வழங்கும் சேவையாகத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் முதல், புதிதாகத் தொடங்குவோருக்கும் மருந்தாளரே மாத்திரை தரலாயினர். 2025 அக்டோபர் முதல் அவசரக் கருத்தடையும் இச்சேவையில் இலவசமாக இணைக்கப்பட்டது.

முதலில் மருந்தகம்

இத்திட்டம் 2024 ஜனவரி 31 அன்று தொடங்கியது. இதன்படி ஏழு நோய்களுக்கு, வரையறுத்த வயதினருக்கு, மருந்தாளர் தாமே மருந்து தரலாம்:

* சைனசு அழற்சி
* தொண்டை வலி
* நடுக்காது அழற்சி (1 முதல் 17 வயது வரை)
* பூச்சிக்கடியால் ஏற்படும் தொற்று
* இம்பெட்டிகோ எனும் தோல் தொற்று
* அக்கி
* சிக்கலற்ற சிறுநீர்ப்பாதைத் தொற்று (16 முதல் 64 வயது வரையான பெண்கள்)

ஒவ்வொரு நோய்க்கும் படிப்படியான வழிமுறை உண்டு. எடுத்துக்காட்டாக, தொண்டை வலியுடன் வருபவரிடம் ஐந்து குறிகள் தேடப்படும்: 24 மணி நேரத்துக்குள் காய்ச்சல், தொண்டைச் சதையில் சீழ், மூன்று நாட்களுக்குள் உதவி நாடும் அளவு விரைவான தொடக்கம், கடுமையாக வீங்கிய தொண்டைச் சதை, இருமலோ சளியோ இன்மை. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 0 அல்லது 1 புள்ளி எனில் நுண்ணுயிர் எதிர்ப்பி தரப்படுவதில்லை. வலி தணிக்கும் முறைகளே கூறப்படும். 4 அல்லது 5 புள்ளிகள் பெற்று, அறிகுறிகளும் கடுமையாக இருந்தால் நுண்ணுயிர் எதிர்ப்பி தரப்படலாம்.

இவ்வழிமுறைகளுக்கு ஒரு காரணம் உண்டு. நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தேவையின்றிப் பயன்படுத்தினால், அவற்றை எதிர்த்து வாழும் நுண்ணுயிர்கள் பெருகும். மருந்து கிடைக்கும் வாயில்கள் கூடும்போது பயன்பாடும் கூடலாம் என்பது இத்திட்டத்தின் மீதான முதன்மையான ஐயம் ஆகும். மேலும், மருந்து வழங்குபவரே அதனை முடிவு செய்பவராகவும் இருப்பது நலன் முரண் ஆகாதா என்ற வினாவும் எழுகிறது. மருந்தின் விற்பனைக்கு அன்றி, கலந்தாய்வுக்குக் கட்டணம் தரப்படுவது இதற்கான ஒரு தீர்வாகும். மருந்து தராமல் அறிவுரை மட்டும் கூறி அனுப்பினாலும், நோயாளர் வரையறுத்த நிலைக்குள் வந்திருந்தால் மருந்தகத்துக்கு அக்கட்டணம் கிடைக்கும்.

நிதியும் மூடல்களும்

2016 இல் அரசு மருந்தகங்களுக்கான நிதியைக் குறைத்தது. 2019 முதல் 2024 வரையான ஐந்தாண்டு உடன்பாட்டில் ஆண்டுக்கு 259.2 கோடி பவுண்டு என நிதி மாறாமல் வைக்கப்பட்டது. இக்காலத்தில் விலைவாசியும் ஊதியமும் உயர்ந்ததால் அத்தொகையின் உண்மை மதிப்பு சரிந்தது. 2010களின் நடுப்பகுதியில் 11,500க்கும் மேல் இருந்த மருந்தகங்கள், 2024 இல் ஏறத்தாழ 10,500 ஆகக் குறைந்தன. லாயிட்ஸ் பார்மசி நிறுவனம் செயின்ஸ்பரீஸ் அங்காடிகளில் இருந்த தன் 237 கிளைகளை மூடப்போவதாக 2023 ஜனவரியில் அறிவித்தது. 2025–26 ஆம் நிதியாண்டுக்கான தொகை 307.3 கோடி பவுண்டாக உயர்த்தப்பட்டது.

மூடல்கள் வறிய பகுதிகளில் ஒப்பீட்டளவில் மிகுதி என ஆய்வுகள் குறிப்பிடுகின்றன. இது எண்ணிக்கைக் குறைவு மட்டும் அன்று. தலைகீழ் பராமரிப்பு விதிக்கு விலக்காக இருந்ததே மருந்தகத்தின் தனிச்சிறப்பு. வறிய பகுதியில் மருந்தகம் மூடப்பட்டால், அதற்கு அளிக்கப்பட்ட புதிய பணிகளும் வசதியுள்ள பகுதிகளுக்கே பயன்படும் நிலை உருவாகக்கூடும்.

பிற நாடுகளில்

ஸ்காட்லாந்தில் இதே பெயருடைய திட்டம் 2020 ஜூலையில், இங்கிலாந்துக்கு முன்னரே தொடங்கியது. அங்கு மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. இங்கிலாந்திலோ விலக்கு பெறாதோர் வழக்கமான கட்டணத்தைச் செலுத்த வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் 2007 முதல் மருந்தாளர்களுக்கு மருந்து எழுதும் உரிமையை அளித்து வருகிறது.