எலும்பில் கட்டிய கப்பல்கள்

சிறிய அளவில் கப்பல் மாதிரி செய்வது இன்று பலருக்கு ஓய்வு நேரப் பொழுதுபோக்கு. ஒரு காலத்தில் அது போர்க்கைதிகளின் பிழைப்பாகவும் இருந்தது.

பிரான்சோடு நடந்த போர்களில் பிடிபட்டவர்களை அடைத்து வைக்க, இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கு அருகே நார்மன் கிராஸ் என்ற முகாமை 1797-இல் திறந்தார்கள். 1814 வரை அது இருந்தது. விடுதலை என்றைக்கு என்று உள்ளே இருந்த யாருக்கும் தெரியாது.

சாப்பாட்டில் வந்த மாட்டு எலும்பை அவர்கள் வீசிவிடவில்லை. வேகவைத்துச் சுத்தம் செய்து, சன்னமான பட்டைகளாகச் சீவி, மரச்சட்டத்தின் மேல் பலகை போலப் பதித்தார்கள். பாய்மரக் கயிறுகளுக்குத் தலைமுடியும் குதிரை முடியும் உதவின. வரைபடம் கிடையாது. கடலில் பார்த்த நினைவுதான். அதனால் அளவுகள் அச்சாகப் பொருந்தா.

முகாம் சந்தையில் இவற்றை விற்றார்கள். வாங்குகிறவர்கள் ஆங்கிலேயர் என்பதால், பல மாதிரிகளுக்கு எதிரியின் கப்பல் பெயரையே வைத்தார்கள். மானம் ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம்!

அந்த முகாமில் சுமார் 1,770 பேர் ஊர் திரும்பாமலே இறந்து போனார்கள். கைதிகள் செய்த பொருள்கள் இன்றும் பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போகிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இத்தகைய மாதிரிகளில் கப்பலின் பெயர் இருக்கும்; செய்தவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது.